சும்மா நின்றவர்கள்

வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணி, வெவே.
சாவி வெட்டும் கடைக்கு மேலே எங்கள் வீடு.
ஜெபத்துக்கு வருகிறவர்கள்
சப்பாத்தைப் படியிலேயே கழற்றி வைப்பார்கள்,
கீழ்வீட்டு மதாம் ரோஷாவுக்குப் பயந்து.

அன்று மத்தேயு இருபது.
எனக்கு மனப்பாடம்.
திராட்சைத் தோட்டம், கூலியாட்கள், ஒரு பணம்.
போதாக்குறைக்குச் சமையலறை ஜன்னலைத் திறந்தால்
லாவோச் சரிவில் அடுக்கடுக்காய் அதே தோட்டம்.

வந்த புதிதில் ரிவாவில் பழம் பறித்தேன்.
முதுகில் கூடை, விரலிடுக்கில் கத்தரி வெட்டிய காயம்.
அங்கே வெயில் மூன்று:
வானத்தில் ஒன்று, ஏரியில் ஒன்று, கல்மதிலில் ஒன்று.
ஆகையால் அந்தக் கதைக்குள்
என் இடம் எது என்று எனக்கு எப்போதோ தெரியும்.
விடியவே வந்தவள். மூன்று வெயிலையும் சுமந்தவள்.
கடைசியில் வந்தவர்களைப் பற்றி
ஓரத்தில் பென்சிலால் எழுதியும் வைத்திருந்தேன்:
சோம்பேறிகள். ஆனாலும் ஆண்டவர் இரக்கமுள்ளவர்.
கீழே தேதி, 1994.

அதற்கும் முன்னே இன்னொரு கூத்து.
பதினோராம் மணி என்றால் பகல் பதினொன்று என்றே
பல வருஷம் வாசித்தேன்.
தேநீர் வேளைக்கு வந்தவனுக்கு முழுக்கூலியா என்று
கர்த்தரோடு வழக்காடினேன்.
இல்லை, பொழுது சாய ஒரு மணி நேரமே இருந்தது
என்று யாரோ சொன்னபோது
கோபம் இரட்டித்தது.

பிலேந்திரன் எங்களிடம் வரத் தொடங்கி மூன்று வாரம்.
ஐம்பத்திரண்டு வயது. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை.
அவர் முறை வந்தது, வாசித்தார்.
சும்மா என்ற சொல்லில் நின்றார்.
சிரித்தார்.
எங்கள் கூட்டத்தில் யாரும் அப்படிச் சிரிப்பதில்லை.

"இது நானக்கா," என்றார்.
"இவங்கள் தந்த என் அட்டையில
என்ர எண்டு ஒண்டுமில்லை.
வேலைக்கு அனுமதிக் கடிதம் இன்னும் வரேல்லை.
விடிய எழும்பிச் சவரம் எடுத்து
ஸ்டேசனடியில போய் நிப்பன்.
ஆரும் கேட்டால் சும்மா எண்டுவன்.
ஒருநாள் சும்மா நிண்டு பாருங்கோ,
முழங்கால் கதை சொல்லும்."

பிறகு அடுத்த வரியை வாசித்தார்.
தங்களை ஒருவரும் கூப்பிடவில்லை என்கிறார்கள் அவர்கள்.

அடுத்த வரி.
அடுத்த பக்கமல்ல, அடிக்குறிப்பல்ல.
வாசலில் விழுந்து கிடக்கும் கடிதத்தை
மிதித்து மிதித்து உள்ளே போகிறவள் போல
நாற்பது தடவையாவது அதன்மேல் நடந்திருக்கிறேன்.
தோட்டக்காரர் கேள்வியைக் கேட்டுவிட்டு
பதிலுக்கு நின்றிருக்கிறார்.
நான்தான் நிற்கவில்லை.

எல்லாரும் போனபின் அழிறப்பரை எடுத்தேன்.
வேதத்தின் தாள் வெங்காயத் தோல்.
'சோம்பேறிகள்' போயிற்று.
'ஆனாலும்' போக மறுத்தது,
அவ்வளவு அழுத்தி எழுதியிருக்கிறேன்.
தேய்த்த இடத்தில்
மறுபக்கத்து எழுத்துகள் தலைகீழாய்த் தெரிந்தன.

திங்கட்கிழமை வேலைக்குப் போகையில்
ஸ்டேசன் மணிக்கூட்டின் கீழே ஒருவர்,
கைகளைப் பைக்குள் விட்டபடி.
எரித்திரியர்தான் என்று முடிவுகட்டினேன்.
இப்போது எனக்கு எல்லாம் விளங்குமல்லவா.
முதியோர் இல்லச் சமையலறையில் ஆள் தேவை என்றேன்,
உடைந்த பிரெஞ்சில், மிகுந்த இரக்கத்தோடு.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.
மனைவி ஜெனீவா ரயிலில் வருகிறாள் என்றார்.
தான் பல் வைத்தியர் என்றும் சொன்னார்.

ரயில் நான்கு நிமிடம் தாமதம்.
இருவரும் சும்மா நின்றோம்.